செட்டிநாட்டில் கார் வைத்திருப்பவர்களுக்கு: ரேடியேட்டரை வீட்டிலேயே பராமரிப்பது எப்படி?

சித்திரை மாதத்தில் கார் கொதித்து நின்றுவிட்டால் எல்லோரும் வெயிலைத்தான் குறை சொல்வார்கள். காரைக்குடியில் வெயில் 40 டிகிரி அடிக்கலாம். ஆனால் நல்ல நிலையில் இருக்கும் என்ஜினுக்குள்ளேயே கூலண்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம், எப்போதும் 90 டிகிரியை ஒட்டித்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. 40 டிகிரி வெயிலைத் தாங்கும் கணக்கோடுதான் ரேடியேட்டரைச் செய்கிறார்கள். நம் பக்கத்துக் கார்கள் கொதிப்பதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்: ரேடியேட்டரில் ஊற்றிய தண்ணீர், வண்டி ஓடாமல் ஷெட்டில் நின்ற மாதங்கள். இரண்டையும் வீட்டிலேயே சரிசெய்ய முடியும். ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லாதவர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் செய்துவிடலாம்.

தண்ணீரில் என்ன இருக்கிறது?

வெந்நீர் போடும் அண்டாவின் அடியில் வெள்ளையாக ஏடு கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது தண்ணீரில் கரைந்திருந்த சுண்ணாம்புச் சத்து. சர்க்கரையும் உப்பும் சூடான தண்ணீரில் கூடுதலாகக் கரையும். கால்சியம் கார்பனேட் அதற்கு நேர்மாறு, சூடு ஏற ஏறக் கரைசலிலிருந்து பிரிந்து படியும். அதனால் என்ஜினுக்குள் எந்த இடம் மிகச் சூடாக இருக்கிறதோ, அதாவது சிலிண்டர் ஹெட்டைச் சுற்றியுள்ள வழிகளில், முதலில் ஏடு பிடிக்கும். அந்த ஏடு சூட்டைக் கடத்தாது. சூடு காட்டும் மீட்டரின் முள் நடுவில் நிற்கும்போதே உள்ளே ஹெட் வெந்துகொண்டிருக்கும்.

போர்வெல் தண்ணீர் ஆகாது என்பது பலருக்கும் தெரியும். குடிக்க நன்றாக இருக்கும் தண்ணீர் ஆகும் என்று நினைப்பதுதான் தவறு. காரைக்குடிக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் சம்பை ஊற்றுத் தண்ணீருக்கு ருசி கொடுப்பதே அதில் கரைந்திருக்கும் தாது உப்புகள்தான். நாக்குக்குப் பிடித்தது ரேடியேட்டருக்குப் பிடிக்காது. வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், ஓட்டுச் சரிவிலிருந்து விழுந்து அண்டாவில் பிடித்த மழைத் தண்ணீரில் உப்பு குறைவு; ஆனால் ஓட்டின் தூசியும் பாசியும் சேர்ந்து வரும். வழியில் வண்டி நின்றுவிட்டால் எந்தத் தண்ணீரும் ஆபத்துக்கு உதவும், அதில் பாவமில்லை. வழக்கமாக ஊற்றுவதற்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. பேட்டரிக்கு ஊற்றுகிறார்களே, அதே தண்ணீர்தான். பெட்ரோல் பங்கிலும் பேட்டரிக் கடையிலும் 5 லிட்டர் கேனாகக் கிடைக்கும்.

வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவதைச் சிலர் நல்ல பராமரிப்பு என்று நினைக்கிறார்கள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு உள்ளேயே தங்கிவிடும். ஒவ்வொரு தடவை ஊற்றும்போதும் புது உப்பு சேர்கிறது. உப்பளத்தில் நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது.

அடுத்தது அரிப்பு. ஒரு என்ஜினில் வார்ப்பிரும்பு, அலுமினியம், சில வண்டிகளில் பித்தளை, செம்பு, ஈயப்பற்று என்று பல உலோகங்கள் ஒரே தண்ணீரில் நனைந்து கிடக்கின்றன. இரண்டு வேறு உலோகங்களுக்கு நடுவே உப்புத் தண்ணீர் இருந்தால் அது ஒரு பேட்டரி. மின்சாரம் ஓடும், அலுமினியம் கரைந்து போகும். 1953 முதல் காரைக்குடியில் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்த உலோக அரிப்பு ஒரு முக்கியமான ஆராய்ச்சித் துறை. வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்த நிறுவனம் அது. கூலண்டில் கலந்திருக்கும் அரிப்புத் தடுப்பான்களின் வேலை, இந்த மின்னோட்டம் ஓடவிடாமல் உலோகத்தின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து காப்பது. பனி விழாத ஊரில் கூலண்ட் எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

கூலண்ட் கொதிநிலையையும் ஏற்றுகிறது. ரேடியேட்டர் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று எண் போட்டிருக்கும். அத்தனை பார் (அழுத்தத்தின் அலகு) அழுத்தம் வரை அது உள்ளே பிடித்து வைக்கும் என்று பொருள். 0.9 மூடி ஒழுங்காக இருந்தால் வெறும் தண்ணீர்கூடச் சுமார் 119 டிகிரியில்தான் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்தால் 125-ஐத் தாண்டும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் இந்தக் கணக்கு எல்லாம் போய்விடும். விலை குறைந்த அந்த மூடி கெட்டுப்போய், அது தெரியாமல் பெரிய செலவு செய்தவர்கள் நிறைய.

எந்தக் கூலண்ட்?

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, நீலம், சிவப்பு, இளஞ்சிவப்பு எல்லாம் கம்பெனிகள் கலக்கும் சாயம். ஒரே நிறத்தில் இரண்டு வேறு வேதிப்பொருள்கள் இருக்கலாம். வண்டியோடு வந்த கையேட்டில் எந்த வகை, எத்தனை லிட்டர், எத்தனை ஆண்டு என்று மூன்றும் இருக்கும். பெரும்பாலும் பச்சைச் சாயத்தில் வருவதால் பச்சைக் கூலண்ட் என்று சொல்லப்படும் பழைய வகையைப் பொதுவாக 2 ஆண்டில் அல்லது 40,000 கிலோமீட்டரில், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். கரிம அமில வகை 5 ஆண்டு வரை தாங்கும். இரண்டையும் கலந்தால் தடுப்பான்கள் ஒன்றையொன்று கெடுக்கும். சில சேர்க்கைகள் கூழாகத் திரண்டு ரேடியேட்டர் குழாயையே அடைக்கும்.

வீட்டில் அம்பாசடர், பத்மினி போன்ற பழைய வண்டி நிற்கிறது என்றால் கவனம். அதன் ரேடியேட்டர் செம்பும் பித்தளையும், பற்று வைத்தது. அதற்குப் பழைய வகைப் பச்சைக் கூலண்ட்தான் ஏற்றது; கரிம அமில வகை பற்றுக்கு நல்லதல்ல.

கடையில் இரண்டு விதமாக விற்பார்கள். அப்படியே ஊற்றும் கலவை ஒன்று. அதில் தண்ணீர் சேர்க்கக் கூடாது. தண்ணீர் கலந்து ஊற்ற வேண்டிய அடர்கரைசல் இன்னொன்று. வீட்டில் அலசி மாற்றுவதாக இருந்தால் அடர்கரைசலே வாங்குங்கள். காரணம் கீழே வரும். அடர்கரைசலைத் தண்ணீரே கலக்காமல் முழுதாக ஊற்றினால் இன்னும் நல்லது என்று ஒரு நம்பிக்கை உண்டு. கூலண்டின் முக்கியப் பொருளான கிளைக்கால், தண்ணீர் அளவுக்குச் சூட்டைச் சுமக்காது. முழுதாக ஊற்றினால் என்ஜின் கூடுதலாகச் சூடேறும். பாதிக்குப் பாதி போதும்.

மாதம் ஒரு முறை, பத்து நிமிடம்

காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், சமதரையில் நிறுத்திப் பாருங்கள். ஸ்பேர் டேங்கில் கூலண்ட் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். அம்பாசடர் போன்ற பழைய வண்டிகளில் மூடியைத் திறந்து பார்த்தால் வாயிலிருந்து ஓர் அங்குலம் கீழே நிற்க வேண்டும். வாய் வரை ஊற்றினால் சூட்டில் விரிந்து வெளியே கொட்டும்.

ரப்பர் ஹோஸ்களைக் கையால் அமுக்குங்கள். நடுவில் ஒரு தடவை, கிளிப் அருகில் ஒரு தடவை. நல்ல ஹோஸ் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி அமுங்கி எழும். கிளிப் அருகே மட்டும் கொழகொழவென்று இருந்தால் உள்ளிருந்து அரித்திருக்கிறது. நொறுங்கும் சத்தம் கேட்டால் ரப்பர் செத்துவிட்டது. இணைப்புகளில் வெள்ளையோ பச்சையோ பொரிந்து காய்ந்திருந்தால் அங்கே மெதுவாகக் கசிகிறது. சூட்டில் உடனே காய்ந்துவிடுவதால் தரையில் சொட்டு தெரியாது.

மூடியைக் கழற்றி ரப்பர் வளையத்தைப் பாருங்கள். வண்டி ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக் கிடந்தால், மூடியின் நடுவில் இருக்கும் சின்ன வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது. புது மூடி வாங்கும்போது பழையதில் இருந்த அதே எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

ரேடியேட்டரின் முகத்தைப் பார்ப்பது நம் பக்கத்தில் மற்ற ஊர்களைவிட முக்கியம். செம்மண் புழுதி, பூச்சி எல்லாம் சேர்ந்து அடைக்கும். அறுவடைக் காலத்தில் கொள்ளு, உளுந்து, வைக்கோல் என்று ரோட்டில் பரப்பி வைத்திருப்பார்கள். அதன் மேல் ஏறி வந்தால் வீட்டுக்கு வந்ததும் கட்டாயம் குனிந்து பாருங்கள். பயிர்த் தாள் ரேடியேட்டரில் சொருகும். அடியில் சைலன்சரில் சுற்றினால் தீப்பிடிக்கவும் கூடும். ஏசி வைத்த வண்டியில் முன்னால் தெரிவது ஏசி கண்டென்சர். ரேடியேட்டர் அதற்குப் பின்னால் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில்தான் புழுதி குடியிருக்கும். இருட்டில் பின்னாலிருந்து டார்ச் அடித்தால் முன்னால் வெளிச்சம் பரவலாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், என்ஜின் ஆறியபின் சாதாரண ரப்பர் குழாயில், என்ஜின் பக்கத்திலிருந்து வெளியே பார்த்துத் தண்ணீர் அடியுங்கள். வாட்டர் சர்வீஸ் பிரஷர் கன் வேண்டாம். அலுமினியத் தகடுகள் மடிந்துபோனால் காற்று உள்ளே போகாது.

கடைசியாக, வண்டியை ஸ்டார்ட் செய்து ஏசி போடுங்கள். ரேடியேட்டர் பேன் சற்று நேரத்தில் சுற்ற வேண்டும். பிள்ளையார்பட்டியில் சதுர்த்திக் கூட்டத்தில் ஏசியோடு ஊர்ந்து போகும்போது காற்றைக் கொடுப்பது இந்தப் பேன் மட்டும்தான்.

கூலண்டை மாற்றுவது

முதல் விதி: என்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் தொடாதீர்கள். அழுத்தம் போன நொடியில் உள்ளே இருப்பது ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும். முந்தின இரவே வண்டியை நிறுத்திவிட்டுக் காலையில் செய்வது நல்லது. சாவியை எடுத்து வையுங்கள். சில வண்டிகளில் சாவி அணைத்த பிறகும் பேன் தானாகச் சுற்றும்.

வேண்டியவை: அகலமான பேசின், பிளையர், ஸ்குரூ டிரைவர், புனல், ரப்பர் கையுறை, காலி கேன் இரண்டு, டிஸ்டில்டு வாட்டர் 15 லிட்டர், அடர்கரைசல் கூலண்ட். சின்ன பெட்ரோல் காருக்கு மொத்தக் கொள்ளளவு பொதுவாக 3.5 முதல் 5.5 லிட்டர், பெரிய டீசல் வண்டிக்கு அதைவிடக் கூடும். கையேட்டில் உங்கள் வண்டியின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முகப்பிலோ ஆத்தங்குடிக் கல் பதித்த தரையிலோ இதைச் செய்யாதீர்கள். அந்தக் கல் சிமெண்டில் கையால் வார்த்தது. சாயம் ஊறினால் போகாது. மண் தரையும் வேண்டாம். ஷெட்டின் சிமெண்டுத் தரையில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டுச் செய்யுங்கள்.

ஏசி குமிழைச் சூட்டுப் பக்கம் முழுதாகத் திருப்பி வையுங்கள். ரேடியேட்டரின் அடியில், ஒரு மூலையில், வடிகால் திருகு இருக்கும். புது வண்டிகளில் அது பிளாஸ்டிக். கையால் திருகினால் போதும், பிளையர் போட்டு முறுக்கினால் உடையும். திருகு இல்லாத வண்டியில் கீழ் ஹோஸின் கிளிப்பை நகர்த்தி ஹோஸை மெதுவாகத் திருகி உருவ வேண்டும். பேசினை வைத்தபின் மேல் மூடியைத் திறந்தால் வேகமாக வடியும். வடிந்ததை அளந்து பாருங்கள். 4.5 லிட்டர் வண்டியில் 3 லிட்டர்தான் வந்தது என்றால் மீதி என்ஜின் பிளாக்கில் நிற்கிறது என்று அர்த்தம். இது எப்போதும் நடப்பது.

வடிந்தது தெளிவாக, சாயம் மங்காமல் இருந்தால் அலச வேண்டியதில்லை. அதே வகையைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். செம்மண் கரைத்த மாதிரி வந்தால் துரு. அப்போது அலச வேண்டும். திருகை மூடி, டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, மூடி போட்டு, என்ஜினை ஓட விடுங்கள். மேல் ஹோஸ் திடீரென்று சூடாகும். சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அதற்குப் பொருள். பெரும்பாலான வண்டிகளில் அது 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். பேன் ஒரு முறை சுற்றி நின்றதும் என்ஜினை அணைத்து, முழுதாக ஆறவிட்டு வடியுங்கள். தெளிந்து வரும் வரை இரண்டு, மூன்று தடவை. மிக அழுக்காக இருந்தால் முதல் தடவைக்குச் சாதாரணத் தண்ணீர் போதும். கடைசித் தடவை டிஸ்டில்டு வாட்டராக இருக்க வேண்டும். பித்தளைப் பாத்திரம் பளபளக்கப் புளி போடுகிறோமே என்று ரேடியேட்டரில் புளித் தண்ணீரோ ஆசிட்டோ ஊற்றிவிடாதீர்கள். அமிலம் அலுமினியத்தைத் தின்றுவிடும்.

இப்போது அடர்கரைசல் ஏன் என்பதற்கு வருவோம். அலசிய பிறகும் பிளாக்கில் ஒன்றரை லிட்டர் வெறும் தண்ணீர் நிற்கிறது. அதன் மேல் தயார்க் கலவையை ஊற்றினால் நீர்த்துப்போகும். 4.5 லிட்டர் வண்டி என்றால் முதலில் 2.25 லிட்டர் அடர்கரைசலை ஊற்றிவிட்டு, மேலே டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். மொத்தத்தில் கணக்குச் சரியாக வரும்.

ஊற்றும்போது அவசரப்படக் கூடாது. புனலில் மெல்லிய தாரையாக ஊற்றி, நடுநடுவே மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் கையால் பிசைந்து காற்றை வெளியேற்றுங்கள். காற்று வெளியேறும் திருகு உள்ள வண்டியானால் அதைத் தளர்த்தி, குமிழி நின்று கூலண்ட் வந்ததும் இறுக்குங்கள். ரேடியேட்டரிலேயே மூடி உள்ள வண்டியில் மூடியைத் திறந்தபடி ஐடிலிங்கில் ஓடவிட்டு, மட்டம் இறங்க இறங்க ஊற்றி, மேல் ஹோஸ் சூடாகத் தொடங்கியதும் மூடிவிடுங்கள். பிறகு பேன் இரண்டு முறை சுற்றி நிற்கும் வரை ஓடட்டும். உள்ளே காற்று தங்கினால் கூலண்ட் சுற்றாது. முள் ஏறி ஏறி இறங்கும், உள்ளே டேஷ்போர்டுக்குள் சலசலவென்று சத்தம் கேட்கும். மறுநாள் காலையில் மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும், ஊற்றிக்கொள்ளுங்கள். மூன்றாம் நாளும் இறங்கினால் கசிவைத் தேட வேண்டும்.

வடித்த கூலண்ட் விஷம். கிளைக்கால் இனிக்கும் என்பதால் நாயும் பூனையும் நக்கும்; சிறிதளவே கொல்லப் போதும், சிறுநீரகம் செயலிழக்கும். பேசினைத் திறந்து வைத்துவிட்டு ஒரு நிமிடம்கூட நகராதீர்கள். சிந்தியதை மணல் போட்டு எடுத்துவிட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். குழந்தை வாயில் பட்டுவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல், கேனையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பழைய கூலண்டைக் கேனில் அடைத்து, மேலே எழுதி ஒட்டி, கழிவு எண்ணெய் சேகரிக்கும் சர்வீஸ் ஸ்டேஷனில் கொடுங்கள். ஊருணிக்குப் போகும் வரத்துக்காலில் ஊற்றுவது நம் முன்னோர் வெட்டிவைத்த தண்ணீரில் நாமே விஷம் கலப்பது.

செய்யக் கூடாத இரண்டு வைத்தியம்

"தெர்மோஸ்டாட்டைக் கழற்றிட்டா வண்டி ஹீட்டே ஆகாது" என்று சொல்லி வால்வை எடுத்துவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. என்ஜின் தேவையான சூட்டுக்கு வராமலே ஓடினால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலில் ஈரம் தங்கிக் கசடாகும். சில என்ஜின்களில் அந்த வால்வுதான் ரேடியேட்டரைத் தவிர்த்துச் சுற்றும் குறுக்குவழியை அடைக்கிறது. அதை எடுத்தால் பாதிக் கூலண்ட் ரேடியேட்டருக்கே போகாமல் முன்னைவிட அதிகம் சூடேறும். வால்வு கெட்டிருந்தால் புதிது போடுங்கள்.

மற்றொன்று மஞ்சள் தூள். கசியும் ரேடியேட்டரில் மஞ்சள் தூளைக் கொட்டினால் ஓட்டை அடைபடும் என்பது லாரி டிரைவர்களின் பழைய கைமருந்து. நடுவழியில் ஊர் வந்து சேர அது உதவியிருக்கலாம். ஆனால் ஓட்டை எது, குழாய் எது என்று மஞ்சளுக்குத் தெரியாது. இன்றைய அலுமினிய ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அது அடைத்துவிடும். போட்டுவிட்டால் வந்ததும் அலசிவிடுங்கள்.

வழியில் முள் ஏறினால்

திருமயம் தாண்டிப் போகும்போது முள் சிவப்பை நோக்கிப் போகிறது. முதலில் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாக வையுங்கள். வெந்துபோவீர்கள், ஆனால் அது ஒரு சின்ன ரேடியேட்டராக வேலை செய்து என்ஜினைக் காப்பாற்றும். நிழல் பார்த்து ஓரம் கட்டுங்கள். ஆவி வந்தாலோ சிவப்பு விளக்கு எரிந்தாலோ உடனே அணைக்க வேண்டும். முக்கால் மணி நேரம் மூடியைத் தொடாதீர்கள். பானட் மேலும் என்ஜின் மேலும் தண்ணீரைக் கொட்டாதீர்கள். கொதிக்கும் உலோகத்தில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஹெட் வளையும், விரிசலும் விடும். ஆறியபின் மூடியில் துணியைப் போட்டு மெதுவாகத் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

எப்போது ஏறியது என்பதை நினைவில் வையுங்கள். ஊருக்குள் ஊர்ந்தபோது ஏறி, மெயின் ரோட்டில் இறங்கினால் பேன், அதன் பியூஸ், ரிலே. வேகத்தில் போகும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, கூலண்ட் குறைவு, அல்லது வாட்டர் பம்ப். வெளியே எங்கும் கசிவில்லாமல் கூலண்ட் குறைகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை, ஆயில் மூடியின் அடியில் பால் ஆடை மாதிரி, டேங்கில் குமிழி: இவற்றில் இரண்டு சேர்ந்திருந்தால் பெரும்பாலும் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. அந்த வண்டியை ஓட்டக் கூடாது. இழுத்துத்தான் மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும்.

ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு

கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை வீடுகளில் கல்யாணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் மட்டும் எடுக்கிற கார்கள் உண்டு. கிலோமீட்டர் 3,000-தான் ஓடியிருக்கிறது, கூலண்டை எதற்கு மாற்றுவது என்று விட்டுவிடுவார்கள். நிற்கும் வண்டிக்கும் வயதாகும். தடுப்பான்கள் ஆண்டுக் கணக்கில்தான் தீர்கின்றன. சந்தேகமிருந்தால் மல்டிமீட்டர் போதும்: கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவில், சிவப்பு முனை ஆறிய கூலண்டுக்குள், உலோகத்தில் படாமல். 0.4 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவரச் சொல்லுங்கள். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதால் நன்மையைவிடக் கெடுதல் அதிகம். தெர்மோஸ்டாட்கூடத் திறக்காது, ஆயிலில் ஈரம்தான் சேரும். எடுக்கும் முன் பானட்டைத் திறந்து எலி ஹோஸையோ பேன் ஒயரையோ கடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வீட்டுக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்; ஊற்றுகிறவர் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனாக இருப்பார். டேங்க் குறைந்தது தெரிந்தால் அவர் கைக்கு எட்டிய குழாய்த் தண்ணீரைத்தான் ஊற்றுவார். அதனால் பானட்டின் உட்புறத்தில் ஒரு சீட்டு எழுதி, மேலே டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்: கூலண்டின் பெயரும் வகையும், கலந்த அளவு, மாற்றிய தேதி, அடுத்து மாற்ற வேண்டிய தேதி, "குழாய்த் தண்ணீர் ஊற்ற வேண்டாம்". பக்கத்திலேயே அரைக்கு அரை கலந்த ஒரு லிட்டர் பாட்டிலை, பிள்ளைகள் கைக்கு எட்டாத அலமாரியில், பெயர் எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.